420 ஆல்பம், பாதிக்கு மேல் 4 ஸ்டார்: மதிப்பெண் போடுவதற்கு உருப்படியான முறை என்ன?

கேசட்பெட்டி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் சேர்ந்திருக்கும் தொகுப்பு முழுவதையும் ஒரு முறையாவது வரிசையாகக் கேட்டு, ஆல்பம் ஆல்பமாக மதிப்பெண் போட்டு முடிக்க வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன். மொத்தம் 420. அதில் 260 தமிழ்த் திரைப்பாட்டு, 110 கர்நாடகக் கச்சேரி, மீதி 50 வாத்திய இசை, பஜனை, கஜல், மேற்கத்தியம் என்று கலந்து கிடக்கிறது. ஊடகம் என்று பார்த்தால் 210 சிடி (எல்லாவற்றையும் தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து, அதாவது ரிப் செய்தாயிற்று), 150 கேசட், 60 ரெக்கார்டு (பெரிய தட்டான எல்பியும் சின்னத் தட்டான இபியும்).

60 ஆல்பம் கேட்டு முடித்த இடத்தில் திரும்பிப் பார்த்தால் 44 ஆல்பத்துக்கு 4 ஸ்டார் விழுந்திருக்கிறது. இப்படியே போனால் மதிப்பெண் போட்டதற்கே பயன் இல்லை. இன்னும் சில இடங்களில் முட்டி நிற்கிறேன்.

2000க்குப் பிறகு வந்த படங்களின் பாட்டு முதல் நொடியிலேயே தூக்கலாக இருக்கிறது. உடனே அடுத்ததாக 1970களின் ரெக்கார்டைப் போட்டால் சோகையாகத் தெரிகிறது. இது இசையின் குறையா, காதின் குறையா? ஆறு பாட்டில் இரண்டு அற்புதம், நான்கு சுமார் என்றால் அந்த ஆல்பத்துக்கு என்ன போடுவது? இரண்டரை மணி நேரக் கச்சேரியையும் இருபத்தைந்து நிமிடப் படப்பாட்டையும் ஒரே அளவுகோலில் வைக்கலாமா? கேசட் மங்கலாகக் கேட்டால் மதிப்பெண் குறைக்க வேண்டுமா? கடைசியாக, போட்ட மதிப்பெண்ணை எங்கே சேமித்தால் பத்து வருடம் கழித்தும் இருக்கும்?

செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நாலரைக்கட்டை

முதலில் 4 ஸ்டார் பிரச்சினை. இதில் உங்கள் ரசனையில் தப்பே இல்லை. இந்த 420-ம் நீங்கள் கடையில் நின்று, யோசித்து, காசு கொடுத்து வாங்கியவை. பிடிக்காததெல்லாம் வாங்கும்போதே கழிந்துவிட்டது. மிச்சம் இருப்பதை "நல்லதா, சுமாரா" என்று கேட்டால் எல்லாமே நல்லது என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றுங்கள். உலகத்து இசையோடு ஒப்பிட வேண்டாம், உங்கள் அலமாரிக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். அலமாரியின் நடுவில் நிற்கும் ஆல்பத்துக்கு 5. அப்படி வைத்தால் பாதி ஆல்பம் 5-லோ அதற்குக் கீழேயோ போயே ஆக வேண்டும். 5 வாங்கியது மட்டமான ஆல்பம் என்று அர்த்தமே இல்லை. முதல் வாரம் கை கூசும், பிறகு பழகிவிடும்.

5 ஸ்டாரை விட்டுவிட்டு 10 புள்ளி அளவுகோலுக்கு வாருங்கள். அரைப் புள்ளி வேண்டாம், 7-க்கும் 7.5-க்கும் வித்தியாசம் அடுத்த மாதம் உங்களுக்கே நினைவிருக்காது. ஒவ்வொரு எண்ணுக்கும் "சிறப்பு", "மிகச் சிறப்பு" என்று பெயர் வைக்காமல், நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை எழுதி வையுங்கள். 10 என்றால் ஒரு பாட்டையும் தள்ளாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன். 8 என்றால் ஒரே ஒரு பாட்டை மட்டும் தள்ளுவேன். 6 என்றால் இரண்டு மூன்று பாட்டைப் பிரித்து வேறு பட்டியலில் வைத்துக்கொள்வேன், ஆல்பமாகப் போட மாட்டேன். 4 என்றால் யாராவது கேட்டால் போடுவேன். 2 என்றால் இடம் தேவைப்பட்டால் கொடுத்துவிடுவேன். 9, 7, 5, 3 தானாக இடையில் உட்கார்ந்துகொள்ளும்.

இதோடு நான்கு அளவுக்கல் வேண்டும். தராசில் படிக்கல் போல. தொகுப்பில் நன்றாகப் பழக்கமான நான்கு ஆல்பத்தை எடுத்து, 9, 7, 5, 3 என்று முதலிலேயே நிரந்தரமாகக் குறித்துவிடுங்கள். நடுவில் தடுமாற்றம் வந்தால் அந்தப் படிக்கல்லிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டு, இது அதைவிட மேலா கீழா என்று மட்டும் முடிவு செய்யுங்கள். திரைப்பாட்டுக்கு ஒரு செட், கச்சேரிக்கு ஒரு செட் தனித்தனியாக இருக்கட்டும்.

ஏற்கெனவே 4 ஸ்டாரில் குவிந்த 44-ஐப் பிரிக்க ஒரு சுலப வழி: எண்ணே போடாமல் வரிசைப்படுத்துவது. ஒன்றை எடுத்து வையுங்கள். அடுத்ததை அதோடு ஒப்பிட்டு மேலே அல்லது கீழே வையுங்கள். வரிசை வளர வளர, புதியதை நேராக நடு ஆல்பத்தோடு ஒப்பிடுங்கள். மேலே என்றால் மேல் பாதியின் நடுவோடு, இப்படியே பாதி பாதியாக. 44 ஆல்பத்தையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டால் 946 ஒப்பீடு. இந்த முறையில் அதிகபட்சம் 201. ஒரு ஆல்பத்துக்கு ஆறு முறைக்கு மேல் கேள்வி கேட்கவே தேவை இல்லை. வரிசை கிடைத்த பிறகு மேலிருந்து வெட்டி எண் கொடுங்கள்.

நேரக் கணக்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள். திரைப்பாட்டு ஆல்பம் சராசரி 28 நிமிடம், கச்சேரி 65, மற்றவை 45 என்று வைத்தால் மொத்தம் 278 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு சுற்றுக்கே ஒன்பது மாதம். எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்கக் கிளம்பினால் பாதியில் நிற்கும். முதல் சுற்றில் மூன்று குவியல் மட்டும் போதும்: மேலே, நடுவே, கீழே. மேல் குவியலையும் நடுக் குவியலையும் மட்டும் இரண்டாம் முறை கேட்டு எண் போடுங்கள். கீழ்க் குவியல் முழுவதற்கும் 3 போட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இதுவரை கேட்டே இராத ஆல்பம் என்றால் அவசரப்பட வேண்டாம். பழகப் பழகப் பிடிக்கும் என்பதை ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார். புதிய ஆல்பத்துக்கு நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை கொடுங்கள்.

வரிசைக்கிரமம் முக்கியம். ஒரே இசையமைப்பாளரின் முப்பது ஆல்பத்தை அடுத்தடுத்துக் கேட்டால் பத்தாவதுக்கு மேல் எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கும், பதினொன்றாவது பாவம். விரிதாளில் ஒரு பத்தியில் ரேண்ட் சார்பைப் (தற்செயலாக ஒரு எண் தரும் சூத்திரம்) போட்டு, அதன்படி வரிசைப்படுத்திக் குலுக்குங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தச் சார்பு கோப்பைத் தொடும்போதெல்லாம் எண்ணை மாற்றும். குலுக்கிய உடனே அந்தப் பத்தியை நகலெடுத்து "மதிப்புகள் மட்டும்" என்று ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை வரிசைப்படுத்தும்போது எங்கே நிறுத்தினீர்கள் என்பதே தெரியாது.

---

வால்வுரேடியோ

புதுப்பாட்டு தூக்கலாக இருக்கிறது, பழையது சோகை என்ற கேள்விக்கு: இசையின் குறையும் இல்லை, காதின் குறையும் இல்லை. ஒலி அளவின் வித்தியாசம்.

1990களின் பின்பாதியிலிருந்து மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் கட்டத்தில், சத்தத்தை அழுத்திக் கூட்டும் வழக்கம் உலகம் முழுக்க வந்துவிட்டது. பெரிய சத்தத்துக்கும் மெல்லிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை நசுக்கி, எல்லாவற்றையும் மேலே தூக்கிவிடுவார்கள். இரண்டு ஒலிகளில் ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதுதான் காதுக்கு "நல்ல" ஒலியாகத் தோன்றும். அதுவும் தவிர, சத்தம் குறைந்தால் காது முதலில் இழப்பது பாஸும் உச்ச ட்ரெபிளும்தான். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து வைத்த விஷயம் இது. ஆகவே மெல்ல ஒலிக்கும் பழைய ரெக்கார்டில் பேஸ் கிடாரும் தபலாவின் இடது கையும் காணாமல் போனது போல இருக்கும். இருக்கிறது, உங்கள் காதுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

தீர்வு ரீப்ளேகெயின். கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கும் ஃபூபார்2000 மென்பொருளில் எல்லா ஃபைலையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் ரீப்ளேகெயின் ஸ்கேன் கொடுத்தால் ஒலி அளவைக் கணக்கிட்டு டேகில் (ஃபைலோடு இருக்கும் விவரக்குறிப்பில்) எழுதிவிடும். ஒலியை மாற்றாது, இசைக்கும்போது மட்டும் குறைத்தோ கூட்டியோ தரும். அழுத்திச் செய்த ஆல்பங்கள் எட்டு, பத்து டெசிபல் வரை கீழே இறங்குவதைப் பார்ப்பீர்கள். இங்கே பலரும் செய்யும் தவறு, ட்ராக் முறையைத் தேர்ந்தெடுப்பது. அப்படிச் செய்தால் ஆல்பத்துக்குள்ளே தாலாட்டும் குத்துப்பாட்டும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும். இசையமைப்பாளர் வைத்த ஏற்ற இறக்கமே போய்விடும். ஆல்பம் முறையில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், பிளேயரின் அமைப்பிலும் ஆல்பம் என்றே இருக்க வேண்டும்.

கேசட்டையும் ரெக்கார்டையும் நேரடியாகக் கேட்பதானால் போனில் ஒரு ஒலிமானி ஆப் போட்டு, உட்காரும் இடத்தில் சராசரி 70 முதல் 75 டெசிபலுக்குள் ஆம்ப்ளிஃபயர் குமிழை வைத்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். போன் மைக் துல்லியமாக இருக்காது. பரவாயில்லை, எல்லா ஆல்பத்துக்கும் அதே போன்தானே. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். இந்த அளவில் நீங்கள் தாராளமாக உள்ளே இருப்பீர்கள்.

மிச்சம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் கெடுப்பவை. போனில் "ஒலி மேம்பாடு", டால்பி, ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஸ்பீக்கரா ஹெட்ஃபோனா என்று ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதிலேயே கேளுங்கள். சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடினால் தம்புராவும் மெல்லிய ஆலாபனையும் அதில் கரைந்துவிடும். இரண்டில் வையுங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு கேளுங்கள். ஒரே அமர்வில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைத்த காது முதலில் ட்ரெபிளைத்தான் வெறுக்கும், வயலினும் நாதஸ்வரமும் அநியாயமாக மதிப்பெண் இழக்கும்.

ஒன்று விட்டுப்போயிற்று. 80களில் அச்சான சிடிகள் சிலவற்றில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்று ட்ரெபிளைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள். சிடி பிளேயர் அதைத் தானாகச் சரி செய்யும், கம்ப்யூட்டர் ரிப் பெரும்பாலும் செய்யாது. அந்தக் காலத்து சிடியின் ரிப் மட்டும் கீச்சென்று ஒலித்தால், அதே சிடியைப் பிளேயரில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

தனியாவர்த்தனம்

கச்சேரியையும் படப்பாட்டையும் ஒரே பட்டியலில் வைக்காதீர்கள். தனித்தாள், தனிப் படிக்கல். மதிப்பெண் எண் ஒன்றாக இருக்கலாம், ஒப்பீடு மட்டும் கூடாது.

கச்சேரிக்குள்ளேயும் இரண்டு ஜாதி உண்டு. எல்பி காலத்து ஸ்டுடியோப் பதிவு ஒன்று. பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம்தான் இடம். ஆலாபனை மூன்று நிமிடம், கல்பனாஸ்வரம் (கற்பனையாக ஸ்வரம் பாடுவது) நாலைந்து ஆவர்த்தனம் (தாளச் சுற்று) என்று கத்தரித்துத்தான் பாடியிருப்பார்கள். சபாவில் பாடிய நேரடிப் பதிவு இன்னொன்று. "நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) போதவில்லை" என்று முதல் வகைக்கு மதிப்பெண் குறைத்தால், தட்டு அவ்வளவுதான் பிடிக்கும் என்பதற்காகப் பாடகரைத் தண்டிக்கிறீர்கள். எல்பியில் பார்க்க வேண்டியது சுருக்கிய இடத்தில் ராகம் முழு உருவத்தோடு நிற்கிறதா என்பது. நேரடிப் பதிவில் பார்க்க வேண்டியது கட்டுமானம்.

வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சின்னக் கீர்த்தனைகள், நடுவில் விரிவான ஒன்று, பிரதான உருப்படி, தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள் (சின்ன உருப்படிகள்), மங்களம் என்று நமக்குப் பழகியிருக்கும் கச்சேரிப் பத்ததி அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்தது. இதை வைத்துத்தான் பிரதான உருப்படியின் எடை தெரியும். நான் சொல்வது: பத்தில் நான்கு பிரதான உருப்படிக்கு. ராகம் தானம் பல்லவி இருந்தால் அதையும் இந்த நான்குக்குள்ளேயே சேருங்கள். இரண்டு மற்ற கீர்த்தனைகளுக்கு. இரண்டு பக்கவாத்தியத்துக்கு, வயலின் ஆலாபனையில் சொந்தமாக ஏதாவது சொல்கிறதா, மிருதங்கம் அனுபல்லவியில் அடங்கி, சரணத்தில் தூக்கிக் கொடுக்கிறதா. மீதி இரண்டு மொத்த ஓட்டத்துக்கு. அதாவது ராகங்களின் தேர்வு, காலப்பிரமாணத்தின் (வேகத்தின்) மாற்றம். அடுத்தடுத்து ஒரே மாதிரிச் சாயல் உள்ள ராகங்கள், எல்லாமே மத்யம காலம் (நடுத்தர வேகம்) என்று போனால் இங்கே குறையும்.

கேட்பதை இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் வெட்டும் இடம் முக்கியம். பிரதான உருப்படிக்கு முன்னால் நிறுத்துங்கள். மறுநாள் அதிலிருந்து தொடங்கித் தனியைத் தாண்டி மங்களம் வரை. தனிக்கு நடுவில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் கணக்கு எங்கே ஏறியது என்று பிடி கிடைக்காது. தனியைத் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், முடிவில் மூன்று முறை வரும் கோர்வை, மூன்றாம் முறை சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) விழுவது கையில் தெரிய வேண்டும்.

சில பதிவுகளில் வயலின் மைக் தூரத்தில் இருந்திருக்கும், சிலவற்றில் கஞ்சிரா கேட்கவே கேட்காது. அது வாசித்தவரின் குறை இல்லை. அதைப் பதிவின் தரம் என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், கலைஞர் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.

---

ஸ்க்ரூடிரைவர்

கேசட்டுக்கு வருகிறேன். மங்கலாக ஒலிக்கும் கேசட்டில் பாதிக்கு மேல் டேப்பின் குறையாகவே இருக்காது, டெக்கின் குறையாக இருக்கும். அதைச் சரி செய்யாமல் 150 கேசட்டுக்கு மதிப்பெண் போடுவது வீண் வேலை.

முதலில் சுத்தம். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தொட்டு, டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், அதன் பக்கத்தில் சுழலும் மெல்லிய இரும்புத் தண்டான கேப்ஸ்டனையும் துடையுங்கள். பஞ்சில் பழுப்பாக ஒட்டி வருவது டேப்பிலிருந்து உதிர்ந்த துகள். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், காய்ந்து வெடிக்கும். லேசான சோப்புத் தண்ணீர் போதும். பத்து கேசட்டுக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

அடுத்தது அசிமத், அதாவது டேப்புக்கு எதிரே ஹெட் நிற்கும் கோணம். ஹெட்டின் இருபுறமும் ஸ்க்ரூ இருக்கும். ஸ்பிரிங் வைத்த பக்கத்து ஸ்க்ரூதான் ஹெட்டின் சாய்வை மாற்றும். திருப்புவதற்கு முன்னால் அது நிற்கும் இடத்தை நெயில்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக் குறியுங்கள். பிறகு மோனோவில் போட்டு, பாடகி "ச", "ஸ" உச்சரிக்கும் இடத்தையோ ஜால்ராவையோ கேட்டுக்கொண்டே எட்டில் ஒரு சுற்று, எட்டில் ஒரு சுற்றாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் திரை விலகினது போல ட்ரெபிள் பளிச்சென்று திறக்கும். அதைத் தாண்டினால் மறுபடி மூடும். திறந்த இடத்தில் நிறுத்துங்கள். மோனோவில் கேட்கச் சொல்வதற்குக் காரணம், ஹெட் சாய்ந்திருந்தால் இரண்டு சேனலும் நேரத்தில் விலகி, கூட்டும்போது ட்ரெபிள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிழை பெரிதாகத் தெரியும். கம்பெனி கேசட்டுகள் பெரும்பாலும் ஒரே நிலையில் ஒத்துப்போகும். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்து வாங்கியவைதான் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானைப் பாருங்கள். கேசட்டில் டால்பி முத்திரை இல்லாவிட்டால் அது அணைந்திருக்க வேண்டும். முத்திரை இல்லாத கேசட்டை டால்பி போட்டுக் கேட்டால் கம்பளி போர்த்தியது போல இருக்கும்.

ஒலி அலை அலையாக ஏறி இறங்கினால் கேசட்டைத் திருப்பி நடுத் துவாரத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய உலோகத் தகட்டின் மேல் சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு பஞ்சுப் பட்டை இருக்க வேண்டும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். ஐந்து ஸ்க்ரூ உள்ள காலி கேசட் ஒன்றைத் திறந்து, டேப்பை அதற்குள் மாற்றிவிடுங்கள். டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. டெக்கில் போடவே கூடாது, அடுத்து போடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல்லோடு தனிப் பையில் போட்டுப் பிரித்து வையுங்கள்.

வேகத்தையும் சோதியுங்கள். டெக் 3 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறக்குறைய கால் கட்டை ஏறிவிடும், குரல் சற்று இளசாக ஒலிக்கும், பாட்டு "சுறுசுறுப்பாக" இருப்பதாக நினைத்து ஒரு புள்ளி கூடப் போட்டுவிடுவீர்கள். சிடியிலும் கேசட்டிலும் இருக்கும் ஒரே பாட்டை எடுத்து இரண்டின் நீளத்தையும் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 5 நிமிடப் பாட்டில் 9 நொடி குறைந்தால் அதுதான் 3 சதவீதம்.

இவ்வளவுக்குப் பிறகும் மங்கல் என்றால் இரண்டு மதிப்பு போடுங்கள். இசைக்கு எண். பிரதிக்கு எழுத்து: அ என்றால் சுத்தம், ஆ என்றால் கேட்கலாம், இ என்றால் வேறு பிரதி தேட வேண்டும். எழுத்தாக வைத்தால் பின்னால் ஒரு நாள் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கும் ஆசை வராது. "8இ" என்று எழுதியவைதான் நீங்கள் சிடியாக வாங்க வேண்டிய பட்டியல்.

ரெக்கார்டுக்கு ஒரே குறிப்பு: பழைய திரைப்பாட்டுத் தட்டுகளில் நிறைய மோனோ. ஸ்டீரியோ ஊசியில் போட்டால் மோனோ பொத்தானை அழுத்துங்கள். பள்ளத்தில் மேலும் கீழுமாக வரும் கரகரப்பு அப்படியே பாதி அடங்கும்.

---

இறுவட்டு

சேமிப்பு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்லுறன். அண்ணை, நட்சத்திரத்தை மட்டும் நம்பி இருக்காதேங்கோ.

எம்பி3-க்குள்ள நட்சத்திரம் 0 முதல் 255 வரை உள்ள ஒரு எண்ணாத்தான் பதியும். விண்டோஸ் 1, 64, 128, 196, 255 எண்டு எழுதும். வேறு பிளேயர் வேற எண் எழுதும். ஃப்ளாக்கில இன்னும் மோசம். ஒண்டு 1 முதல் 5, இன்னொண்டு 100-க்கு. மென்பொருளை மாத்தினால் 4 நட்சத்திரம் 3 ஆகும். ஃபூபார்2000 மதிப்பெண்ணைக் கோப்புக்குள்ள எழுதாமல் தன்ர தரவுத்தளத்தில வைக்கும். பிறகு நீங்கள் வேற மென்பொருளில பாடகர் பெயரையோ ஆல்பம் பெயரையோ திருத்தினால் பழைய மதிப்பெண் துலைஞ்சு போகலாம். வலது கிளிக்கில புள்ளிவிவரத்தைக் கோப்பில எழுதச் சொல்லுற தெரிவு இருக்கு, டேக்கைத் திருத்த முதல் அதைச் செய்யுங்கோ. ஐடியூன்ஸ் இன்னொரு வேலை செய்யும்: பாட்டுகளின்ர சராசரியை எடுத்து ஆல்பத்துக்குத் தானே வெற்று நட்சத்திரம் போடும். ஆல்பத்துக்கு நீங்கள் போட்டால், மதிப்பெண் இல்லாத பாட்டுக்கெல்லாம் அதே வெற்று நட்சத்திரம் போய்விடும். எது நீங்கள் போட்டது, எது அது போட்டது எண்டு குழம்பும்.

அதால முதன்மைப் பிரதி விரிதாள். எளிய சிஎஸ்வி (காற்புள்ளி போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து) கோப்பாகவும் ஒரு பிரதி வையுங்கோ, எந்தக் காலத்திலயும் திறக்கும். பத்திகள்: அடையாள எண், பெயர், ஆண்டு, இசை, ஊடகம், எண், பிரதி எழுத்து, கேட்ட திகதி, ஒரு வரிக் குறிப்பு. அந்த அடையாள எண்ணை (001 முதல் 420) டேக்கில ஒரு தனிப் புலத்திலயும், கசற் உறையில பென்சிலாலயும் எழுதுங்கோ. பெயரை மட்டும் நம்பினால் பிசகும். இளையராஜாவின்ர பெயரையே ஆங்கிலத்தில மூண்டு நாலு விதமாக எழுதி வைச்சிருக்கிறார்கள், ஒரு ஆள் நாலு ஆளாகப் பிரிவார். தமிழிலயே எழுதிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. படப் பெயரோட ஆண்டைச் சேருங்கோ: பில்லா 1980 எம். எஸ். விஸ்வநாதன், பில்லா 2007 யுவன் சங்கர் ராஜா. ஆண்டு இல்லாட்டி ரெண்டும் ஒரே ஆல்பமாக ஒட்டிக்கொள்ளும்.

---

கேசட்பெட்டி

அருமை. ஸ்க்ரூடிரைவர் சார் சொன்னபடி மோனோவில் போட்டு ஹெட்டைத் திருப்பினேன், பாதிக் கேசட்டுக்குப் புது உயிர். இன்னும் இரண்டு விஷயம். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று வந்த கேசட்டை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா? அப்புறம் இரண்டு அற்புதம், நான்கு சுமார் என்ற கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. எல்லாப் பாட்டுக்கும் எண் போட்டுச் சராசரி எடுத்தால் போதாதா?

---

நாலரைக்கட்டை

இரண்டு படம் என்றால் இரண்டு ஆல்பம். 117அ, 117ஆ என்று எண் கொடுங்கள். "சிறந்த பாடல்கள்" தொகுப்பு கேசட்டுகளுக்கு மதிப்பெண்ணே வேண்டாம்; அந்தப் பாட்டெல்லாம் சொந்த ஆல்பத்தில் ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டது. மூல ஆல்பம் உங்களிடம் இல்லாத பாட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சராசரி போதாது. இதைப் பாருங்கள். ஒரு படத்தில் ஆறு பாட்டு: 9, 9, 8, 5, 4, 4. இன்னொன்றில்: 7, 7, 7, 6, 6, 6. இரண்டுக்கும் சராசரி 6.5. இரண்டும் ஒன்றா? முதல் ஆல்பத்தின் மூன்று பாட்டை நீங்கள் காலம் முழுக்கக் கேட்பீர்கள். இரண்டாவதை மழை நாளில் முழுசாக ஓடவிட்டுக் கேட்பீர்கள், ஒரு பாட்டும் தனியாக நினைவில் நிற்காது. திரைப்பாட்டு ஆல்பமாக யோசித்து எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு பாட்டும் ஒரு காட்சிக்காக. சோகக் காட்சிக்கு வந்த இரண்டு நிமிட மறுவடிவத்தையும் சண்டைக்கு முந்திய கூத்துப்பாட்டையும் சராசரிக்குள் இழுத்தால் நல்ல ஆல்பம் அநியாயமாகக் கீழே போகும். அதனால் திரைப்பாட்டுக்கு மேலான மூன்று பாட்டின் சராசரியை எடுங்கள். முதலாவதுக்கு 8.7, இரண்டாவதுக்கு 7. அதுதான் சரியான தூரம். நாலு பாட்டு மட்டுமே உள்ள இபி என்றால் மேலான இரண்டு.

---

வால்வுரேடியோ

இதில் நான் ஒத்துப்போகவில்லை, குறைந்தபட்சம் அந்த 50 ஆல்பத்துக்கு. வாத்திய இசையில் வரிசையே இசையின் பகுதி. இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹௌ டு நேம் இட்' எடுத்துக்கொள்ளுங்கள். பத்துத் தடம். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' முடிந்ததும் 'அண்ட் வி ஹேட் எ டாக்' வருகிறது. வீட்டில் பாக்கை (ஜெர்மானிய இசைமேதை) சந்தித்தேன், பிறகு பேசினோம் என்று ஒரே வாக்கியம் இரண்டு தடமாக ஓடுகிறது. முன்னதில் பாக்கின் வயலின் பார்ட்டிட்டா (தனி வயலினுக்கான இசைக்கோவை) சாயல் உள்ளே வந்து அமர்கிறது, பின்னதில் பதில் கிடைக்கிறது. மேலான மூன்றைப் பிரித்து எடுத்தால் அந்த உரையாடல் அறுந்துவிடும். இப்படிப்பட்டவற்றுக்குத் தடத்துக்கு எண்ணே வேண்டாம். முழுசாக, ஷஃபிள் இல்லாமல், தடங்களுக்கு நடுவில் மென்பொருள் இடைவெளி விடாமல் ஒரு முறை. முடிந்து பத்து நிமிடம் கழித்து ஒரே எண்.

---

நாலரைக்கட்டை

ஒப்புக்கொள்கிறேன். மேலான மூன்று திரைப்பாட்டுக்கு மட்டும்.

திரைப்பாட்டில் இன்னொரு பத்தி சேருங்கள்: "ஞாபகம்". படம் பார்த்த நாள், காட்சி, கூட இருந்தவர்கள் என்று பாட்டோடு ஒட்டியிருப்பது ஏதாவது கேட்கும்போது மேலெழுந்தால் ஒரு டிக். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். முடிவில் டிக் விழுந்தவற்றின் சராசரியையும் விழாதவற்றின் சராசரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், டிக் விழுந்த பாட்டை மறுபடி எடுத்து, குரலை விட்டுவிட்டு இடையிசையை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பேஸ் கிடார் எங்கே நடக்கிறது, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் வேறு என்ன செய்கின்றன என்று. அங்கே காட்சி குறுக்கே வராது.

ஆறு வாரம் ஆனதும் ஏற்கெனவே எண் போட்ட 20 ஆல்பத்தைக் குலுக்கி எடுங்கள். பழைய எண் உள்ள பத்தியை மறைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பெரும்பாலானவை ஒரு புள்ளிக்குள் நின்றால் அளவுகோல் உறுதி. பரவலாக இரண்டு புள்ளி ஆடினால் மிச்சத்தைக் கேட்கும் முன் படிக்கல்லை மாற்றுங்கள். அநேகமாக 5-க்கு எடுத்த ஆல்பம் உண்மையில் உங்களுக்கு 7 ஆக இருக்கும்.